கைக்கு எட்டாத கல்வி

ஆரம்பப் பாடசாலையில் படிக்கும் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, விதை முளைப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ‘நீர், காற்று, தக்க வெப்பம்’ என்று மூச்சு விடாமல் பதில் வரும். அதை எவ்வாறு அறிந்தாய் என்று அடுத்தபடியாகக் கேளுங்கள். ‘புஸ்தகத்தில் இருக்கிறது’ என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். அந்தப் புஸ்தகத்திலேயே பரிசோதனை ஒன்றை விவரித்து, ‘செய்து பார்’ என்றும் அச்சிட்டிருப்பார்கள். பிள்ளை அந்தப் பரிசோதனையையும் நெட்டுருச் செய்து வைத்திருக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது பழமொழி. நமது பாடசாலைகளிலோ வாய்க்கு எட்டியது கைக்கு எட்டவில்லை.

இந்தப் பரிசோதனைக்கு வேண்டியவை எவை? ஒரு கண்ணாடித் தம்ளர், ஒரு குச்சி, கொஞ்சம் நூல், மூன்று மொச்சைக் கொட்டை, கிணற்று நீர். குச்சியின் மேற்புறம் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்றாகக் கொட்டைகளைக் கட்டித் தம்ளரில் நிறுத்தி, நடுக்கொட்டை பாதி நனையும்படி நீர் ஊற்றினால் தீர்ந்தது. மூன்று நான்கு நாட்களில் நடுவிலுள்ளது முளை விட்டு வேரும் இறக்கும். மேலே உள்ளது காய்ந்தபடியே கிடக்கும். அடியில் உள்ளது ஊதிப் பருத்து அழுகத் தொடங்கும். ஆனால் சில தடவைகளில் அடிக்கொட்டையும் சிறிது முளை காட்டிவிட்டு நின்றுவிடுவதுண்டு. புஸ்தகத்தை நம்பும் உபாத்தியாயருக்கு இது சங்கடம். விஷயமறிந்த உபாத்தியாயருக்கோ பெரும் அதிர்ஷ்டம். ‘நீருக்குள்ளும் காற்று இருக்கிறதா?’ என்று ஏதேனும் ஒரு பிள்ளை கேட்காமல் இராது. ‘இல்லாவிட்டால் மீன் எப்படிப் பிழைக்கும்?’ என்று இன்னொன்று கேட்கும். இவ்விரண்டு கேள்விகளும் பிறந்த வகுப்பில் அன்று விஞ்ஞானம் நடந்தது என்று துணிந்து சொல்லலாம். ‘நீர், காற்று, தக்க வெப்பம்’ என்று நூறு முறை ஒப்பித்தாலும் அவை பிறவா.

விஞ்ஞானத்தின் கதி இதுவென்றால் சித்திரத்தின் கதி இன்னும் பரிதாபமானது. கால அட்டவணையில் அதற்கு ஓர் இடம் இருக்கும். கணக்குப் பாடம் முடியாதபோதெல்லாம் அந்த இடத்தைத்தான் கடன் வாங்குவார்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. தப்பித் தவறி நடக்கும் வகுப்பிலும், பலகையில் உபாத்தியாயர் இரண்டு மலை, நடுவே உதய சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை வரைந்துவிடுவார். நாற்பது பிள்ளைகளும் நாற்பது உதய சூரியர்களை உண்டாக்குவார்கள். மலையையே கண்டிராத தஞ்சாவூர்ச் சமவெளிக் குழந்தையும் இரண்டு மலைகளைத்தான் வரையும்!

சித்திரத்தைப் பொழுதுபோக்கு என்று எண்ணுவதால் நேரும் பிழை இது. உள்ளபடி பார்த்தால், சிறு பிள்ளைகளுக்குச் சித்திரமும் விஞ்ஞானமும் இரண்டு பாடங்கள் அல்ல. வேப்பிலைக்கும் கறிவேப்பிலைக்கும் உள்ள வித்தியாசத்தை வாயால் கேட்டால், ஒன்று கசக்கும், ஒன்று மணக்கும் என்பதோடு பேச்சு நின்றுவிடும். இரண்டையும் எதிரில் வைத்து வரையச் சொல்லுங்கள். வேம்பின் இலையோரம் ரம்பப் பல்லைப் போல வெட்டுண்டிருப்பதும், நடு நரம்பின் இரு பக்கங்களும் சமமாயில்லாமல் இலை அரிவாள் போல் வளைந்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். கறிவேப்பிலைக் கொத்தின் நுனியில் தனி இலை ஒன்று முடிவாக நிற்பதும், வேம்பின் நுனியில் பல சமயம் அத்தகைய இலை இல்லாதிருப்பதும் தெரியவரும். பென்சில் நகர்ந்தாலல்லாமல் கண் நகராது. நுண்ணோக்கியில் கண்டதை வரைந்து வைத்தே தாவர சாஸ்திரிகள் தங்கள் நூல்களை நிரப்பினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட சாதனம் எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டாமென்பது என்ன நியாயம்?

இக்கருத்து மேனாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கியதன்று. பாரதியார் ‘தேசீயக் கல்வி’ பற்றி எழுதியபோது, ஆரம்பப் பாடசாலைக்கு வேண்டிய பாடங்களில் பௌதிக சாஸ்திரத்தோடு கைத்தொழில், விவசாயம், தோட்டப் பயிற்சி ஆகியவற்றையும், பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லும் யாத்திரையையும் சேர்த்தார். 1937-ம் வருஷம் அக்டோபர் மாதம் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மகாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வி பிறந்தது. டாக்டர் ஜாகீர் ஹுசேன் தலைமையில் அமைந்த கமிட்டி வகுத்த பாடத்திட்டத்தில், கைத்தொழிலை நடுவில் வைத்துப் பொது விஞ்ஞானம், சித்திரம், சங்கீதம் ஆகிய மூன்றுக்கும் இடம் தரப்பட்டிருந்தது. சேவாகிராமத்தில் அதை நடத்திக் காட்டும் பொறுப்பு இலங்கைத் தமிழரான ஆரியநாயகத்திற்கும் அவர் மனைவி ஆஷா தேவிக்கும் கிடைத்தது என்பது தமிழர்கள் பலர் மறந்துவிட்ட செய்தி. சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸிடம் பயின்ற தேவி பிரசாத் 1944-ல் அங்கே கலாசிரியராகப் போய்ச் சேர்ந்தார். அச்சிட்ட படத்தைப் பார்த்து வரைவிப்பது குழந்தையின் கண்ணைக் கட்டுவதாகும் என்பது அவர் கொள்கை. கலையே கல்விக்கு அடிப்படை என்பதை அவர் பின்னாளில் ஒரு நூலாகவே எழுதினார்.

ஆதாரக் கல்வி தேசமெங்கும் ஏன் வேரூன்றவில்லை என்பது நீண்ட விவகாரம். ஒரு காரணத்தை மட்டும் குறிப்பிடுவோம். பிள்ளைகள் நூற்கும் நூலிலிருந்து பாடசாலையின் செலவு தேற வேண்டும் என்ற எண்ணம் முன்னே வந்ததும், பல இடங்களில் தக்ளியைச் சுற்றி எழ வேண்டிய கேள்விகள் பின்னே போய்விட்டன. பஞ்சு ஏன் முறுக்கினால் வலுக்கிறது என்று கேட்பதற்குப் பதிலாக, இன்று எத்தனை கஜம் நூற்றாய் என்று கேட்டார்கள்.

தமிழ் நாட்டில் இதைவிட ஆழமான காயம் ஒன்றும் உண்டு. அதைப் பேசாமல் கைவேலைக் கல்வியைப் பற்றி இங்கே பேசுவது நேர்மையாகாது. 1953-ம் வருஷத்தில் ராஜாஜி மந்திரிசபை, கிராம ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகள் அரை நாள் மட்டும் பள்ளியில் பயின்று, மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று ஜனங்கள் அதை எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதல் மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. எதிர்ப்பு நியாயமானது என்பதே நமது அபிப்பிராயம். தச்சர் மகன் உளியையும், குயவர் மகள் சக்கரத்தையும் நோக்கித் திருப்பப்பட, எழுத்து வேலைக்காரரின் பிள்ளை மட்டும் புஸ்தகத்தோடு தங்குவதற்குக் கல்வி என்று பெயரில்லை. பிறப்பைப் பார்த்துக் கைக்கு வேலை கொடுப்பது வேறு. பாடசாலைக்குள் வந்த எல்லாப் பிள்ளைகளின் கைகளுக்கும் ஒரே களிமண்ணையும் ஒரே காந்தத்தையும் கொடுப்பது வேறு. முன்னதன் மேல் எழுந்த கோபத்தில் பின்னதையும் சந்தேகித்துவிட்டோம். கைவேலை என்றாலே ‘என் பிள்ளையைத் திரும்பவும் பழைய தொழிலுக்கே அனுப்பப் பார்க்கிறார்களா?’ என்று ஏழைத் தகப்பனார் கேட்பதில் குற்றமில்லை. அவருக்கு விடை சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளுக்கு அதிகச் சம்பளம் வாங்கும் பள்ளிகளில் விலைக்கு வாங்கிக் கொடுப்பது இதே களிமண்ணும் இதே காந்தமுந்தான் என்பதே அந்த விடை.

ஏழைப் பள்ளிகளில் இது நடக்குமா என்று கேட்போர் மத்தியப் பிரதேசத்தைப் பார்க்கட்டும். நர்மதைக் கரையிலுள்ள ஹோஷங்காபாத் ஜில்லாவில் (இப்போது அதற்கு நர்மதாபுரம் என்று பெயர்) 1972-ம் வருஷத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு சோதனை தொடங்கியது. கிஷோர் பாரதி என்ற ஸ்தாபனமும், ரசூலியாவிலிருந்த நண்பர் கிராம நிலையமும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. பெரிய கல்லூரிகளிலிருந்தும் ஆராய்ச்சிக் கூடங்களிலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து உபாத்தியாயர்களோடு உட்கார்ந்து பாடங்களை எழுதினார்கள். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளே அவை எனினும், சட்டம் எட்டாம் வகுப்பு வரையில் தொடக்கக் கல்வி என்றே கணக்கிடுகிறது.

பிள்ளைகள் நால்வர் நால்வராகக் கூடி உட்கார்ந்தார்கள். ‘பால வைஞானிக்’ என்ற அவர்களுடைய புஸ்தகத்தில் கேள்விகள் இருந்தன, விடைகள் இல்லை. வயல் வரப்புகளுக்குப் போய்ச் செடிகளை வேரோடு பிடுங்கி வந்தார்கள். இலை நரம்புகள் வலையாகப் பின்னியிருக்கின்றனவா, இணையாக ஓடுகின்றனவா என்று பிரித்தார்கள். வேர் ஆணி போல் இறங்குகிறதா, நார் நாராகப் பிரிகிறதா என்று பார்த்தார்கள். வலை நரம்புச் செடிகளுக்கு ஆணிவேரும், நெல், புல் போன்ற இணை நரம்புச் செடிகளுக்கு நார்வேரும் இருப்பதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். புஸ்தகம் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும் விஷயம். ஒரு வரியில் முடிந்து, ஒரு வருஷத்தில் மறந்தும் போயிருக்கும்.

பரீட்சைக்குப் புஸ்தகத்தையும் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லலாம் என்று விதித்தது அத்திட்டத்தின் மிகத் துணிவான செயல். பார்த்து எழுதினாலும் பயனில்லாத கேள்விகளைக் கேட்டார்கள். கையால் செய்து காட்டும் பரீட்சையும் இருந்தது. உபாத்தியாயர்கள் மாதந்தோறும் கூடி, எந்தப் பரிசோதனை ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்று விவாதித்தார்கள். பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களை ‘சவாலிராம்’ என்றொரு கற்பனைப் பெரியவருக்குக் கடிதமாக எழுதினார்கள். அவர் பெயரால் பதிலும் வந்தது. கேள்வி கேட்பதற்கென்றே தபால் விலாசம் கிடைத்த குழந்தையின் பெருமையை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

கான்பூர் ஐ. ஐ. டி.யில் பயின்ற அரவிந்த குப்தா, 1978-ல் தமது உத்தியோகத்திலிருந்து விடுப்புப் பெற்று இங்கேதான் வந்தார். சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் தீக்குச்சிகளைச் செருகினார். நான்கு குச்சிகளாலான சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளாலான முக்கோணம் அசையாது. தங்கள் வீட்டு ஓட்டுக்கூரையின் மரச் சட்டங்கள் ஏன் முக்கோணமாக இருக்கின்றன என்பது அந்தக் கணத்திலேயே பிள்ளைக்கு விளங்கிவிடும். இது விஞ்ஞானமா, கணக்கா, சிற்பமா என்று பிரித்துச் சொல்ல எந்த இன்ஸ்பெக்டராலும் ஆகாது. 2018-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

1978-ல் ஜில்லா முழுமைக்கும் பரவிய இத்திட்டம், 1982-ல் தோன்றிய ஏகலவ்யா ஸ்தாபனத்தின் பராமரிப்பில் வேறு பல ஜில்லாக்களுக்கும் சென்று, ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளை எட்டியது. 2002-ம் வருஷத்தில் ராஜ்ய சர்க்கார் அதை நிறுத்திவிட்டது. மற்ற இடங்களின் பாடத்தோடு இது ஒத்துப் போகவில்லை, இதில் பயின்றவர்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் பின்தங்குகிறார்கள் என்பன குற்றச்சாட்டுகள். திட்டத்தை நடத்தியவர்கள் அவற்றை மறுத்தார்கள். கல்வியாளர்கள் பலர் கண்டித்தும் பயனில்லை. பின்தங்கினார்களா இல்லையா என்பதை விட்டுவிடுவோம். செய்து பார்த்துப் படித்த பிள்ளையை உருப்போட்டுப் படித்த பிள்ளைக்கென்று வகுத்த பரீட்சையால் அளந்துவிட்டு, குறை பிள்ளையிடம் என்று தீர்ப்புச் சொல்வது தராசில் துணியை நிறுத்து, முழம் குறைகிறது என்பதற்கு ஒப்பாகும். முப்பது வருஷ உழைப்பு ஓர் உத்தரவில் அடங்கிப் போயிற்று. சர்க்கார் காகிதம் கொடுத்ததைச் சர்க்கார் காகிதமே எடுத்துக் கொள்ளும் என்பதைக் கல்விச் சீர்திருத்தக்காரர்கள் மறக்கலாகாது.

நமது ராஜ்யத்திலும் முயற்சி இல்லாமற் போகவில்லை. ஆந்திரத்தில் ரிஷி பள்ளத்தாக்குக் கல்வி நிலையம் தன்னைச் சுற்றியுள்ள கிராமங்களில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் பயிலும் பள்ளிகளுக்காக வகுத்த முறையிலிருந்து பாடம் கற்று, 2003-ல் சென்னை மாநகராட்சியின் பதின்மூன்று பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-ல் ராஜ்யமெங்கும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கு அது வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் அடியில், குழந்தை உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில் கரும்பலகை வந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டார்கள். வேறெந்த நன்மையும் இல்லை என்று வைத்துக் கொண்டாலும், உபாத்தியாயரின் உடைமையாயிருந்த கரும்பலகையைக் குழந்தையின் உடைமையாக்கிய ஒன்றுக்காகவே அதை வாழ்த்தலாம்.

ஆனால் அங்கும் ஒரு நோய் புகுந்தது. ஏணியின் படிகளாக வரிசைப்படுத்திய அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதே பல வகுப்புகளில் வேலையாயிற்று. மண்ணும் இலையும் தண்ணீரும் இருக்க வேண்டிய இடத்தில் அவற்றின் படம் அச்சிட்ட அட்டை இருந்தது. அட்டை நல்லதே. எனினும் அட்டையிலுள்ள காந்தம் ஆணியை இழுக்காது. பின்னர் அம்முறையும் சுருக்கப்பட்டது, 2022-ல் எண்ணும் எழுத்தும் என்ற புதிய திட்டம் வந்தது. திட்டங்களுக்குப் பெயர் மாறும் வேகத்தில் உபாத்தியாயர்களுக்குப் பழக்கம் மாறுவதில்லை. ஒவ்வொரு புதுத் திட்டமும் நிரப்ப வேண்டிய படிவங்களைக் கூடவே அழைத்து வருகிறது. அவற்றை நிரப்பும் நேரம் பிள்ளைகளுடைய நேரம்.

இனிச் செய்யத்தக்கது என்ன? சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, செயல்களாலும் கண்டறிதலாலும் தேடலாலும் குழந்தை கற்க வேண்டுமென்று விதிக்கிறது. தமிழ் நாட்டில் ஐந்தாம் வகுப்புக்குப் பொதுப் பரீட்சை வைக்கச் செய்த ஏற்பாடும் 2020-ல் ரத்தாகிவிட்டது. ஆகவே, பரீட்சை இருக்கிறதே என்று சாக்குச் சொல்ல ஆரம்பப் பள்ளிக்கு இடமில்லை. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணையைத் திருப்பிப் பாருங்கள். கலை ஆசிரியர் ஆறாம் வகுப்புக்கு மேல்தான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், அதுவும் பகுதி நேரமாகத்தான்! ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு அவர் தேவையென்றே சொல்லப்படவில்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டே உபாத்தியாயர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும்போது பிரசங்கக் கல்விதான் சுலபம் என்று எண்ணுவது தவறு. மூன்று வகுப்புப் பிள்ளைகள் தாமே எதையாவது செய்து கொண்டிருந்தாலல்லவோ மற்ற வகுப்பிடம் உபாத்தியாயர் போக முடியும்?

ஒரு வட்டாரத்துப் பள்ளிகளுக்குச் சேர்ந்து ஒரு சித்திர ஆசிரியர், வாரம் ஒரு நாள் ஒரு பள்ளியாகச் சுற்றி வரட்டும். விஞ்ஞானப் பெட்டி உடைந்தால் உபாத்தியாயரின் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயத்தை ஒழிக்கட்டும். அந்தப் பயத்தினாலேயே எத்தனையோ பள்ளிகளில் அப்பெட்டிகள் அலமாரிக்குள் மாசு படியாமல் பூட்டிக் கிடக்கின்றன. ஹோஷங்காபாத்தில் நடந்தது போன்ற மாதக் கூட்டம் இங்கும் நடக்கட்டும். ஆனால் அது சுற்றறிக்கை வாசிக்கும் கூட்டமாக இருத்தலாகாது.

பணமே வேண்டாத பாடம் ஒன்றையும் சொல்லி நிறுத்துகிறோம். நண்பகலில் நிழல் வடக்கே விழும் என்பது லண்டனுக்கும் டில்லிக்கும் எந்நாளும் பொருந்தும். நமக்குப் பொருந்தாது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சென்னையில் ஒரு மீட்டர்க் கோலை முற்றத்தில் நட்டுப் பார்த்தால், நண்பகல் நிழல் தெற்கே விழும். ஜூன் 21-ந் தேதி அதன் நீளம் சுமார் 18 சென்டிமீட்டர். வாரத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் சுண்ணாம்புக் கட்டியால் நிழலின் நுனியில் ஒரு பூ வரைந்து வைக்கட்டும். பூக்கள் மெல்ல மெல்லக் கோலை நெருங்கி வரும். ஆகஸ்டு 18-ந் தேதியை ஒட்டி நிழலே இராது. மதுரையில் ஆகஸ்டு 27-ஐ ஒட்டியும், கன்னியாகுமரியில் செப்டம்பர் முதல் தேதியை ஒட்டியும் இது நிகழும். பிறகு நிழல் வடக்கே திரும்பும். மேகம் சில நாட்களைக் கெடுக்கலாம், பாதகமில்லை. கடிகாரம் பன்னிரண்டைக் காட்டும்போது நிழல் மறைவதில்லை, சென்னையில் அதற்கு மேலும் ஏறக்குறைய கால் மணி காத்திருக்க வேண்டும். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் அட்டவணைப்படி வேறு பாடம் நடக்க வேண்டியிருக்கலாம். முற்றத்தில் கோலைச் சுற்றி நிற்கும் வகுப்பைக் கண்டால் உள்ளே போகச் சொல்லாமல், தாமும் சற்று நின்று பார்க்கும்படி கல்வி அதிகாரிகளை வேண்டுகிறோம்.